மூளை அலையும் மன நோயும்

காஞ்சிபுரத்தில் பிறந்து, நகரியில் ஒரு நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நம் அத்தையார், நாற்பது ஆண்டுக் காலம் தறிச் சத்தத்தின் நடுவே வாழ்ந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவருக்கு உறக்கம் கெட்டது. உணவில் விருப்பம் போயிற்று. வாசலில் உறவினர் வந்து நின்றாலும் எழுந்து உள்ளே சென்று படுத்துக்கொள்வார். "என்ன செய்கிறது அத்தை?" என்று கேட்டால், "தலைக்குள்ளே தறி ஓடுகிறதப்பா, நிற்கமாட்டேன் என்கிறது" என்பார்.

வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. மாமா உடன் வந்தாரே ஒழிய, மனோ வைத்தியர் அறைக்குள் நுழைய வெட்கப்பட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். புகைவண்டி நிலையத்தில் எழுத்தராக உத்தியோகம் பார்க்கும் நமக்குத் தெலுங்கு நன்றாக வரும் என்பது குடும்பத்தாரின் நம்பிக்கை. உண்மையில் நமக்குத் தெரிந்தது டிக்கெட் ஜன்னலுக்கு வேண்டிய தெலுங்குதான். எந்த ஊர், எத்தனை பேர், சில்லறை இருக்கிறதா என்ற அளவுக்கு மேல் அது செல்லாது. அந்த மொழியை வைத்துக்கொண்டு, தமிழறியாத ஒரு வைத்தியரிடம் அத்தையாரின் துயரத்தை எடுத்துரைத்தோம். தலைக்குள் தறி ஓடுகிறது என்று அவர் சொன்னதை, இல்லாத தறியின் ஓசை இவர் காதில் கேட்கிறது என்னும் பொருள்படச் சொல்லிவிட்டோம். நினைவுகள் ஓயாமல் அடித்துக்கொள்கின்றன என்பதே அத்தையார் கருதிய பொருள். வைத்தியரோ, நாம் சொன்னதை நம்பி, இல்லாத ஓசையைக் கேட்கும் நோய்க்கு மருந்து எழுதினார். வலிப்பின் சாயல் ஏதேனும் உண்டா என்று பார்ப்பதற்காக மூளை அலைப்படம் ஒன்றும் எடுக்கச் சொன்னார்.

அலைப்படத்தில் குறை ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அதன் பின்னர் வீட்டில் நடந்ததுதான் கொடுமை. "யந்திரமே ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதே, இனி இது என்ன நடிப்பு?" என்று மாமா கேட்டார். அன்று முதல் அத்தையார் தம் உடம்பைப் பற்றி ஒருவரிடமும் ஒரு சொல்லும் பேசவில்லை.

நாம் மெட்ரிகுலேஷன் வரை படித்தவர். விஞ்ஞானியும் அல்லர், வைத்தியரும் அல்லர். ஆயினும், அந்த யந்திரம் சொன்னது என்ன, சொல்லாதது என்ன என்று அறியவேண்டும் என்ற ஆவல் நம்மை விடவில்லை. இப்பொழுது அந்த அலைகளைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஆராய்ந்து மன நோயைக் கண்டறியப் போகிறார்கள் என்று நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். ஊர் விட்டு ஊர் வந்து, ஒரு மொழியில் நோயுற்று வேறொரு மொழியில் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இச்செய்தி மிகவும் நெருக்கமானது. ஆகவே, தெரிந்துகொண்டவற்றை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள முற்பட்டோம்.

மூளை அலை என்பது யாது?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவை ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும்பொழுது நுண்ணிய மின்சாரம் எழுகிறது. ஓர் அணுவின் மின்சாரம் மண்டையோட்டைத் தாண்டி வெளியே வந்து எட்டாது. பல்லாயிரக்கணக்கான அணுக்கள் ஒரே சமயத்தில் ஒரே தாளத்தில் எழுந்து அடங்கினால்தான் அதன் சாயல் தலையின் தோலில் தெரியும்.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையடிவாரத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மலைமேல் இருக்கும் ஒரு பக்தரின் குரல் கீழே நிற்பவருக்குக் கேட்காது. கூட்டத்தினர் தத்தம் கதையைப் பேசிக்கொண்டிருக்கும்பொழுது வெறும் இரைச்சல்தான் வரும். எல்லோரும் ஒரே குரலாக "அரோகரா" என்று முழங்கினால் அந்த ஓசை அலையலையாக இறங்கி வரும். மூளை அலையும் அத்தகையதே. தலையில் ஒட்டிய கம்பிகள் மலையடிவாரத்தில் நிற்பவரின் செவிகளைப் போன்றவை. மேலே யார் யாரிடம் என்ன பேசினார் என்பது அவற்றுக்குத் தெரியாது. கூட்டம் எந்தத் தாளத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

அந்த ஓசையும் எத்துணைச் சிறியது! தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான். நாம் டார்ச் விளக்கில் போடும் ஒரு செல்லின் அழுத்தத்தை முப்பதாயிரம் கூறு செய்து அதில் ஒரு கூற்றை எடுத்துக்கொண்டால் 50 மைக்ரோவோல்ட் ஆகும். கண் இமைத்தாலும், பல்லைக் கடித்தாலும் அதனினும் பெரிய மின்சாரம் எழுந்து அலையை மறைத்துவிடும். தலையில் எண்ணெய் இருந்தாலும் கம்பி சரியாகப் பற்றாது. அலைப்படம் எடுக்கச் செல்பவர் முதல் நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் வரவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

மனிதனின் மூளை அலையை முதன்முதல் பதிவு செய்தவர் ஜெர்மனியில் ஜெனா நகரத்து மனோ வைத்தியர் ஹான்ஸ் பெர்கர். இளமையில் ராணுவப் பயிற்சியின்போது அவர் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்காமல் தப்பினார். அன்று மாலையே அவருடைய தகப்பனாரிடமிருந்து நலம் விசாரித்து ஒரு தந்தி வந்தது. தொலைவில் இருந்த சகோதரியார் ஏதோ மனக்கலக்கம் கொண்டு அந்தத் தந்தியை அனுப்பச் சொன்னாராம். ஒரு மனத்தின் அச்சம் மற்றொரு மனத்துக்கு எவ்வாறு எட்டியது என்ற கேள்வியே அவரை மூளையின் மின்சாரத்திடம் இழுத்துச் சென்றது. 1924-ஆம் ஆண்டில் முதல் அலையைப் பதிவு செய்தார். ஐந்தாண்டுகள் தம் சோதனையைத் தாமே ஐயுற்றுத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, 1929-இல்தான் வெளியிட்டார். 1934-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆட்ரியன், மாத்யூஸ் என்னும் இருவர் அதனை மெய்யென்று காட்டிய பின்னரே உலகம் ஒப்புக்கொண்டது.

கண்ணை மூடி அமைதியாக இருக்கும்பொழுது நொடிக்கு 8 முதல் 13 முறை எழும் அலைக்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தவரும் அவரே. ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு நான்குக்கும் குறைவாக மெல்ல எழும் அலை டெல்ட்டா. விழிப்பில் விரைந்து எழும் அலை பீட்டா. பெர்கர் தேடிய மனத்தின் இரகசியம் மட்டும் அந்தக் காகிதச் சுருளில் அகப்படவில்லை. கடைசிக் காலத்தில் அவரே கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி, 1941-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

கண்ணுக்குத் தெரியாததை யந்திரம் காணுமா?

வலிப்பு நோயில் அலைப்படத்தின் பயன் பெரிது. கூர்மையான முட்களைப் போன்ற அலைகள் எழுவதைப் பயிற்சி பெற்ற வைத்தியர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். மூளையில் அழற்சி ஏற்பட்டுப் பைத்தியம் போலத் தோன்றும் சிலருக்கும் அலைப்படம் உண்மையைக் காட்டிக் கொடுக்கும். மனச்சோர்வு, ஸ்கிஸோஃப்ரினியா முதலிய மன நோய்களிலோ, கண்ணுக்குத் தென்படும் அடையாளம் பெரும்பாலும் இராது. ஆகையால், "அலைப்படத்தில் குறை இல்லை" என்றால், வைத்தியர் அந்தப் படத்தில் தேடிய வலிப்பும் அழற்சியும் தென்படவில்லை என்பதே பொருள். மன நோய் இல்லை என்பது அதன் பொருள் அன்று. இந்த ஒரு வாக்கியத்தை யாரேனும் அன்றே நம் மாமாவிடம் எடுத்துச் சொல்லியிருந்தால், அத்தையார் வாய் மூடிக் கிடந்த மாதங்கள் மிச்சப்பட்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத அடையாளம் கணக்குக்குத் தெரியலாம் அல்லவா? இங்கேதான் செயற்கை நுண்ணறிவு வருகிறது. நோயுற்றவர் பலர், நலமுள்ளவர் பலர் ஆகியோருடைய அலைகளை யந்திரத்துக்குக் கொடுத்து, இன்னது நோயாளியுடையது, இன்னது நலமுள்ளவருடையது என்றும் சொல்லிவிடுகிறார்கள். யந்திரம் ஓர் ஊகம் செய்யும். தவறினால் தன் கணக்கைச் சிறிது திருத்திக்கொள்ளும். இலட்சக்கணக்கான தடவை இவ்வாறு திருத்திய பின்னர், புதிய அலையைக் காட்டினால் அது எந்தப் பக்கம் சேரும் என்று சொல்லப் பழகிவிடும்.

லெவல் கிராஸிங் காவலரின் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். வரும் வண்டி கூட்ஸா, பாசஞ்சரா என்று தண்டவாளத்தின் அதிர்வைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். எவரும் அவர்களுக்கு இலக்கணம் கற்பிக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகியதுதான். யந்திரத்தின் கல்வியும் அதுவே.

இந்த வழியில் நம்பிக்கை தரும் ஆராய்ச்சிகள் உள்ளன. மனச்சோர்வுக்கு ஒரு மருந்து ஒருவருக்குக் கேட்கும், மற்றவருக்குக் கேட்காது. எது கேட்கும் என்று அறியப் பல வாரங்கள் உட்கொண்டு பார்க்கவேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 300-க்கு மேற்பட்ட மனச்சோர்வு நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒரு பெரிய சோதனையில், மருந்து தொடங்குமுன் எடுத்த அலைகளை யந்திரத்துக்குக் கற்பித்து, சர்ட்ராலின் என்னும் மருந்து எவருக்குப் பயன்படும் என்று முன்கூட்டிக் கூற முயன்றார்கள். அதன் முடிவு 2020-இல் வெளியாயிற்று. நோயின் பெயரைச் சொல்வதைவிட, எந்த மருந்து எவருக்கு என்று சொல்வதே குடும்பங்களுக்கு உடனடியாகப் பயன்படும் உதவி. அதனால் இம்முயற்சி போற்றத்தக்கது.

தேர்ச்சியும் கள்ளத் தேர்ச்சியும்

ஆனால், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொல்லிவிட்டது என்று வரும் செய்திகளைக் கண்டு உடனே மயங்கிவிடலாகாது. அந்தத் தேர்வு எப்படி நடந்தது என்று கேட்கவேண்டும்.

போலந்து நாட்டின் வார்ஸா நகரில் ஸ்கிஸோஃப்ரினியா நோயாளிகள் 14 பேர், நலமுள்ளவர்கள் 14 பேர், ஆக 28 பேரின் அலைகள் எடுக்கப்பட்டு, எவரும் பயன்படுத்திக்கொள்ளும்படி 2017-இல் வெளியிடப்பட்டன. எடுத்தவர்களின் பெருந்தன்மை அது. அந்த 28 பேரை வைத்துக்கொண்டே உலகின் பல மூலைகளிலிருந்து கட்டுரைகள் வந்தன. பலவற்றில் வெற்றி நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. ஒருவருடைய பதினைந்து நிமிட அலையைச் சிறுசிறு துண்டுகளாக்கி, சில துண்டுகளைப் பாடத்திலும் மற்றவற்றைத் தேர்விலும் வைத்தால் என்ன ஆகும்? யந்திரம் நோயைக் கற்காமல் ஆளைக் கற்றுக்கொள்ளும். சீசன் டிக்கெட்டுக்காரரைக் காலை வண்டியில் பார்த்துவிட்டு, மாலை வண்டியில் "இவர் டிக்கெட் உள்ளவர்" என்று நாம் சொன்னால் அது நம் சாமர்த்தியம் ஆகாது. முன்பின் பாராத பிரயாணியிடம்தான் நம் திறமை தெரியும். புதிய ஆளின் அலையில், புதிய ஆஸ்பத்திரியின் அலையில் சோதித்துப் பாராத யந்திரத்தின் தேர்ச்சி கள்ளத் தேர்ச்சியே.

இரண்டாவது இடர் மருந்து. நோயாளிகள் மருந்து உட்கொள்பவர்கள், நலமுள்ளவர்கள் உட்கொள்ளாதவர்கள். உறக்கத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் பீட்டா அலையைப் பெருக்கும். க்ளோஸபின் என்னும் மருந்து அலைகளை மெதுவாக்கும். ஆகவே, யந்திரம் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக நாம் மகிழும்பொழுது, அது மாத்திரையைத்தான் கண்டுபிடித்திருக்கக்கூடும். கூட்ஸ் வண்டி எப்பொழுதும் இரவிலேயே வந்தால், காவலரின் பிள்ளை இருட்டை வைத்துக் கூட்ஸ் என்று சொல்லக் கற்றுவிடுவான். பகலில் ஒரு கூட்ஸ் வந்தால் அவன் வித்தை பலிக்காது.

மனச்சோர்வுக்கு எந்தச் சிகிச்சை பலன் தரும் என்று அலையைக் கொண்டு முன்கூட்டிச் சொல்ல முயன்ற ஆராய்ச்சிகள் பலவற்றையும் ஒன்றுசேர்த்து எடைபோட்ட அமெரிக்க மனோ வைத்தியர்கள், வைத்தியசாலையில் நம்பிப் பயன்படுத்தும் நிலையை அம்முறை இன்னும் எட்டவில்லை என்று 2019-இல் முடிவு கூறினார்கள். இன்றும் மன நோயை நிர்ணயிக்கும் வழி, வைத்தியர் நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டு அறிவதுதான். அலை அதற்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

தமிழ் ஊர்களில் எடுத்த அலைகள்

இவ்வளவையும் படித்தபொழுது நம் மனத்தில் ஓர் ஆசை இருந்துகொண்டே இருந்தது. சொல்லுக்கு மொழி வேண்டும். அலைக்கு மொழி வேண்டாம். நம்மைப் போன்ற அரைகுறை மொழிபெயர்ப்பாளர் நடுவில் நின்று கெடுக்காமல், நோயாளியின் மூளையே நேராக வைத்தியரிடம் பேசிவிடும் காலம் வந்தால் எத்துணை நன்மை! தமிழ் பேசினால் என்ன, தெலுங்கு பேசினால் என்ன, மூளை எல்லோருக்கும் ஒன்றுதானே என்று எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணத்தைத் திருத்திய ஆராய்ச்சி தமிழ்நாட்டிலேயே நடந்தது என்பதை அறிந்து வியந்தோம். தன்யா பரமேஸ்வரன், தாரா தியாகராஜன் என்னும் இரு விஞ்ஞானிகள் தமிழ்நாட்டில் 48 ஊர்களிலிருந்து 21 வயது முதல் 65 வயது வரையுள்ள 402 பேரின் மூளை அலைகளை ஆராய்ந்தார்கள். முந்நூறு பேர் வாழும் ஒதுக்கமான சிற்றூர்களும் அவற்றில் இருந்தன. பல இலட்சம் பேர் வாழும் நகரங்களும் இருந்தன. பெர்கர் காலம் முதல் மனித இனத்துக்கே பொதுவானது என்று பாடப் புத்தகங்கள் கூறிவந்த ஆல்ஃபா அலை, எல்லோரிடத்திலும் ஒரே வகையாகத் தோன்றவில்லை என்று அவர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். கல்வியும், வருமானமும், ஊர் விட்டு ஊர் செல்லும் பிரயாணமும் மிகுந்தவர்களிடம் அது ஓங்கி நின்றது. நவீன வசதிகள் எட்டாத சிற்றூர்க்காரர் பலரிடம் அது மெலிந்து காணப்பட்டது. சிற்றூர்க்காரர்களுக்கு மூளையில் குறை உண்டு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வாழும் வாழ்க்கை மூளையின் தாளத்தோடு உறவுடையது என்பதே இதிலிருந்து தெரிவது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மன நோய்க்கான யந்திரங்கள் கற்கும் அலைகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், நகரங்களில் வாழும் படித்தவர்களிடம் எடுக்கப்பட்டவை. அந்தப் பாடத்தைப் படித்த யந்திரத்தின் முன், சென்னையில் படித்துக் கணிப்பொறி வேலை பார்க்கும் ஓர் இளைஞரும், விஜயபுரத்துப் பக்கம் ஆடு மேய்க்கும் ஒரு மூதாட்டியும் சென்று அமர்ந்தால், இளைஞரின் அலை அதற்குப் பழகிய அலையாக இருக்கும். மூதாட்டியின் மெலிந்த ஆல்ஃபாவைக் கண்டு நோய் என்று அது எழுதிவிட்டால் யார் தடுப்பது? அன்று அத்தையாரின் சொல்லை நாம் தப்பாக மொழிபெயர்த்தோம். நாளை அவருடைய அலையை யந்திரம் தப்பாக மொழிபெயர்க்கக்கூடும். நம் பிழையையாவது இன்னொரு தமிழர் கேட்டுத் திருத்தலாம். யந்திரத்தின் பிழையைத் திருத்துவார் யார்?

அலைக்கு மொழி இல்லை. ஆனால் ஊர் உண்டு. இதுவே நாம் கற்ற பாடம்.

இதற்குப் பரிகாரம் ஆராய்ச்சியை வெறுப்பதில் இல்லை. நம்மவர் அலைகளும் அந்தப் பாடப் புத்தகத்தில் ஏறவேண்டும் என்பதே பரிகாரம். தாரா தியாகராஜன் நிறுவிய சேப்பியன் லேப்ஸ் என்னும் அமைப்பு, பலவகை வாழ்க்கை வாழும் மக்களின் மூளை அலைகளைத் திரட்டும் பெருமுயற்சியில் இறங்கியிருக்கிறது. அதன் ஆய்வு மையம் ஒன்று கிரியா பல்கலைக்கழகத்தில் அமைந்துள்ளது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்குமிடம் எங்கோ கடல் கடந்து அன்று, திருப்பதி மாவட்டத்து ஸ்ரீ சிட்டியில்தான் என்பதை அன்பர்கள் அறிந்து மகிழலாம். பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்திலும், முதுமையில் நினைவாற்றல் குறைவோருக்குக் காமா என்னும் விரைந்த அலை மெலிவதை 2021-இல் வெளியிட்டிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிக்குத் தலையைக் கொடுத்தவர்கள் பெங்களூரு முதியவர்கள்.

நாளை யாரேனும் ஆராய்ச்சியாளர் நம் ஊருக்கும் வந்து அலை எடுக்க இசைவு கேட்டால், அஞ்சி ஓடவும் வேண்டாம், கேளாமல் தலையைக் கொடுக்கவும் வேண்டாம். எதற்காக எடுக்கிறீர்கள், பெயரோடு வைத்துக்கொள்வீர்களா, யாரிடம் கொடுப்பீர்கள் என்று கேட்டறிந்து இசைவது நம் உரிமை. அலை நம்முடையது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் கூட அவர் இசைவின்றி மூளை அலைச் சோதனை செய்யலாகாது என்று நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் தீர்ப்பளித்திருக்கிறது.

நாம் செய்யத்தக்கது

யந்திரம் கற்றுத் தேறும் வரை நாம் காத்திருக்க முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மன நோயுற்றவர்களுள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை, நோய்க்கு ஏற்றபடி, சிகிச்சை பெறாமல் இருப்பதாகத் தெரியவந்தது. அவர்களிடம் இல்லாதது யந்திரம் மட்டுமா? வாய் திறந்து சொல்லும் துணிவும், கேட்கும் செவியும் இல்லை என்பதே பெரும் குறை.

1960-இல் எல்லை வகுத்தபொழுது திருத்தணி அந்தப் பக்கம் சென்றது. நகரியும் புத்தூரும் விஜயபுரமும் இந்தப் பக்கம் நின்றன. எல்லை எப்படிப் போனாலும், தாயின் மொழியில்தான் துயரம் முதலில் வாய்க்கு வருகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிக்குத் தம் நோயையும் சிகிச்சையையும் பற்றித் தமக்குப் புரியும் மொழியில் அறிந்துகொள்ளும் உரிமையை அளித்திருக்கிறது. அந்த உரிமையைப் பணிவோடு, ஆனால் உறுதியோடு கேளுங்கள். மொழிபெயர்க்க ஒருவர் வேண்டியிருந்தால், நம்மைப் போல் ஜன்னல் தெலுங்கு அறிந்தவரையும், பள்ளிச் சிறுவரையும் அழைத்துச் செல்லாதீர்கள். இரு மொழியிலும் வீட்டுப் பேச்சு அறிந்த பெரியவர் ஒருவரைத் தேடுங்கள். நோயாளி சொன்ன சொல்லை அப்படியே முதலில் சொல்லி, அதன் பொருளைப் பிறகு சொல்லச் சொல்லுங்கள்.

14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால், டெலி மானஸ் என்னும் அரசாங்கத்தின் மனநல உதவி இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கும். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய இச்சேவையில் தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு. மாவட்ட அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவை விசாரிக்கலாம். வேலூரில் பாகாயத்தில் 1957 முதல் இயங்கிவரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்தில், குடும்பத்தார் நோயாளியுடன் கூடத் தங்கிச் சிகிச்சையில் பங்கு கொள்ளும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நோயாளியை விட்டுவிட்டு வந்துவிடும் இடமாக ஆஸ்பத்திரியைக் கருதும் நம்மவர்கள் அறிந்துகொள்ளவேண்டிய வழக்கம் அது.

இனி, அத்தையாரின் கதையை முடிக்கவேண்டும். சில மாதங்கள் சென்றபின், தமிழ் அறிந்த வேறொரு டாக்டரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அந்த அம்மையார் நம்மையும் மாமாவையும் வெளியே அமரச் சொல்லிவிட்டு, அத்தையாரிடம் தனியே அரை மணி நேரம் பேசினார். "தறி எப்பொழுது ஓடத் தொடங்கியது அம்மா?" என்று கேட்டாராம். மகளைத் தொலைதேசத்துக்குக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து என்று அத்தையார் சொன்னாராம். இரவு பகலாக நினைவு ஓயவில்லை, உயிர் எதற்கு என்றுகூடத் தோன்றியது என்றும் சொன்னாராம். அது மனச்சோர்வு என்று முடிவாயிற்று. மருந்து மாறியது. பின்னர் டாக்டர் மாமாவை உள்ளே அழைத்து, பழைய அலைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் படம் வலிப்பு இல்லை என்று சொல்கிறது. இவர் துயரப்படவில்லை என்று எந்த இடத்திலும் சொல்லவில்லை" என்று விளக்கினார். மாமா தலை குனிந்துகொண்டார்.

குணம் ஒரு நாளில் வந்துவிடவில்லை. மூன்றாம் மாதம் அத்தையார் மறுபடியும் தார் சுற்ற உட்கார்ந்தார். சென்ற பொங்கலுக்கு நாம் நகரிக்குச் சென்றிருந்தபொழுது, "தறி எப்படி இருக்கிறது அத்தை?" என்று கேட்டோம். "வீட்டில் ஓடுவது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தலைக்குள்ளே ஓடியது நின்றுவிட்டது அப்பா" என்றார். மாமா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் எழுந்து வெளியே போகவில்லை.

அலைகளைப் படிக்கும் யந்திரம் ஒரு நாள் நன்றாகக் கற்றுத் தேறட்டும். நம் ஊர் மனிதரின் அலையையும் அது கற்கட்டும். அதுவரையிலும், அதன் பின்னரும், வீட்டில் ஒருவர் "எனக்கு என்னவோ செய்கிறது" என்று சொன்னால், உட்கார்ந்து முழுவதும் கேட்போமாக.